வில்லங்கம் பார்க்காமல் கொடுத்த நிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ரயில் பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘அட்லாண்டிக் அண்ட் பசிபிக்’ கம்பெனி நொடித்துப்போனதற்கு 1873ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நெருக்கடி வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்தப் பாதை நின்றுபோயிருந்தது. முப்பது ஆண்டுகள் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். கோளாறு நிலத்தில்தான் தொடங்கியது என்பதை எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1866 ஜூலை 27ஆம் தேதிச் சட்டப்படி, மிசோரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கி, அல்புகர்க்கி வழியாகப் பசிபிக் கடற்கரை வரை 1878 ஜூலை 4க்குள் பாதை போட வேண்டும். அதற்கு ஈடாக அரசு கொடுத்தது நிலம். இன்னும் மாநிலமாகாத பகுதிகளில், மைலுக்கு மைல், பாதையின் இருபுறமும் இருபது இருபது செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். ஆக, ஒரு மைல் தண்டவாளத்துக்கு 25,600 ஏக்கர்!

அந்த அளவை முறையைக் கவனித்துப் பாருங்கள். ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட சதுரத்தை 36 செக்‌ஷன்களாகப் பிரிப்பார்கள். வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி மேற்கே ஆறு வரை எண்ணிடுவார்கள். ஏழு, ஆறுக்கு நேர் கீழே விழும். அங்கிருந்து மறுபடி கிழக்கு நோக்கி வருவார்கள். வரப்பு வந்ததும் மாட்டைத் திருப்பி உழுவோமே, அதே போல. ஒற்றைப்படை எண்கள் கம்பெனிக்கு, இரட்டைப்படை எண்கள் அரசுக்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு எந்த எண்ணும் இல்லை.

அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவையும் உங்கள் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். பூர்வகுடிகளின் நில உரிமையை அரசு நீக்கித் தரும், ஆனால் அவர்களாக மனமொப்பி விட்டுக்கொடுத்தால் மட்டுமே என்கிறது அது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் நடந்தது.

பாதை போகும் வழியில் இருந்த பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1830களில் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெங்கும் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 1866 ஒப்பந்தத்தில் ரயிலுக்கு வழி விடச் சம்மதித்தார்கள்; நிலம் தரவில்லை. 1871இல் அவர்கள் எல்லைக்குள் வினிட்டா வரை வந்த தண்டவாளம் அங்கேயே நின்றது. லிங்கனின் சிலையை வடித்த வின்னி ரீம் என்ற பெண் சிற்பியின் நினைவாக எலியாஸ் பூடினோ என்ற செரோக்கிக்காரர் பெயரிட்ட ஊர் அது. அதற்கப்பால் விற்றுக் காசாக்க ஓர் ஏக்கர்கூடக் கிடைக்காத நிலையில் கம்பெனி எப்படி மேலே போகும்? 1875இல் கடன் கட்ட முடியாமல் விழுந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பாதை வேறொரு கம்பெனியின் கைக்குப் போனது. வினிட்டாவிலிருந்து டல்சாவுக்கு ரயில் போக 1882 ஆயிற்று. செரோக்கி மக்களின் உறுதியைத் ‘தடங்கல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது.

பாதையின் மேற்குப் பகுதியை, சாண்டா ஃபே என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் துணையோடு 1880 முதல் போட்டு, 1883இல் கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள நீடில்ஸை எட்டினார்கள். பெயரில் இருந்த இரண்டு கடல்களில் ஒன்றைக்கூட அட்லாண்டிக் அண்ட் பசிபிக் கம்பெனியின் தண்டவாளம் தொடவில்லை. போடாத பாதைக்கான நிலத்தை 1886இல் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. 1897இல் கம்பெனி ஏலத்துக்குப் போனது.

கதை அதோடு முடியவில்லை. அரிசோனாவில் ஹுவாலபாய் என்ற பூர்வகுடி மக்களை 1874இல் ராணுவம் ஊரைவிட்டு ஓட்டியது. மறு ஆண்டே அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். 1883இல் அவர்களுக்கென ஒதுக்கிய பகுதிக்குள்ளேயே ஒற்றைப்படை செக்‌ஷன்கள் எங்களுடையவை என்று அந்த ரயில் கம்பெனிக்கு வாரிசாக வந்த கம்பெனி உரிமை கொண்டாடியது. அவர்களுடைய பீச் ஸ்பிரிங்ஸ் ஊற்றுத் தண்ணீர்தான் ரயில் இன்ஜின்களுக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1941 டிசம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. 1866 சட்டம் ஹுவாலபாய் மக்களின் தொன்றுதொட்ட உரிமையை அழித்துவிடவில்லை என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். ஒதுக்கிய பகுதிக்கு வெளியே இருந்த நிலம் மட்டும் அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

அந்த வழக்கைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, வரைபடத்தோடு, உங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
தஞ்சாவூர்.