செத்தவீட்டுப் படங்களைக் கிழிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வெளியிட்ட பழைய திருகோணமலைப் படத்தின் கீழே "படத்தில் இருப்பவர்களின் விபரம் தெரியவில்லை" என்று போட்டிருந்தீர்கள். எங்கள் ஊர் அலுமாரிகளில் கிடக்கும் படங்கள் பலவற்றின் நிலையும் இதுதான். 1964 சூறாவளி, அப்புறம் வந்த இடப்பெயர்வுகள், 2004 கடல்கோள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு படம் தப்பியிருக்கும். அதில் நிற்பவர் யார் என்று சொல்லத்தான் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்.

இதை வாசிக்கும் குடும்பங்களிடம் முக்கியமாக ஒன்று கேட்கிறேன். செத்தவீட்டுப் படங்களைக் கிழித்துப் போடாதீர்கள். பிரேதத்தை நடுவில் வைத்து, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று எடுத்த படம் பழைய வீடுகள் பலவற்றில் இருந்தது. அமங்கலம் என்று அதை அல்பத்தில் ஒட்டமாட்டார்கள். வீடு மாறும்போது முதலில் எறிவதும் அதைத்தான். எனக்கென்றால் கல்யாணப் படத்தைவிட அதுவே பெறுமதியானது. அந்தப் படம் எடுத்த நாளை அரசாங்கப் பதிவேட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நாள் தெரிந்துவிட்டால், அதில் நிற்கும் பிள்ளைகளின் வயதை வைத்து மற்றப் படங்களையும் வரிசைப்படுத்திவிடலாம்.

யார் எங்கே, எப்படி நிற்கிறார் என்பதே உறவைச் சொல்லிவிடும். நெய்ப்பந்தம் பிடித்திருக்கும் சிறுவர்கள் பேரப்பிள்ளைகள். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது நம் வழக்கம். ஆகவே வெறும் மேலோடு, விரலில் தர்ப்பை போட்டு நிற்பவரைப் பிடிப்பது கஷ்டமில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்த இடத்தில் மருமகனோ, சகோதரரின் மகனான பெறாமகனோ நிற்பார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பூட்டியின் செத்தவீட்டுப் படத்தில் பந்தம் பிடித்த ஒரு பையனை எங்களில் எவருக்கும் தெரியவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியம்மாவிடம் காட்டினோம். கண்பார்வை குறைந்தவர், முகத்தை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. பந்தம் எந்தக் கையில் இருக்கிறது என்று கேட்டார். இடக்கையில் என்றதும், "அது எங்கட சின்னண்ணையல்லோ, சோத்துக்கும் இடக்கையைத்தான் நீட்டுவார்" என்றார். அந்தச் சின்னண்ணை காய்ச்சலில் சிறுவயதிலேயே போய்விட்டார். அவருடைய வேறு படம் எங்களிடம் இல்லை. பெரியம்மாவும் இப்போது இல்லை. அன்று கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை இந்தக் குடும்பத்தில் பிறந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

நாளைக் கண்டுபிடிக்க நம்மிடம் நல்ல வழியொன்று இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டைப் புரட்டிப் பாருங்கள். அதில் இறந்த நாளைப் பாடும் திதி வெண்பா வருடம், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நான்கு வரிக்குள் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால் தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விகாரி வருடம் ஐப்பசி என்றால் 1899 ஆகவும் இருக்கலாம், 1959 ஆகவும் இருக்கலாம். பேரனுக்குப் பாட்டனின் பெயரையே வைக்கும் குடும்பங்களில் பெயரும் கைகொடுக்காது. அந்த இடத்தில் படம்தான் உதவும். தடித்த அட்டையில் ஒட்டி, அடியில் ஸ்ரூடியோப் பெயர் பொறித்த படமென்றால் முந்தியவர். மெல்லிய தாளில், பல்லுப் பல்லாக வெட்டிய வெள்ளை விளிம்போடு இருந்தால் பிந்தியவர். உடுப்பை மட்டும் நம்பவேண்டாம். கோட்டையும் தலைப்பாகையையும் ஸ்ரூடியோக்காரரே கொடுத்துப் படமெடுத்த காலம் அது.

நாள் கையில் வந்தால் மரணப் பதிவைத் தேடலாம். 1867 பதிவுக் கட்டளைச் சட்டத்துக்குப் பிந்திய மரணங்களுக்குப் பதிவேடு உண்டு. பலர் தடுக்கி நிற்பது ஓரிடத்தில்தான். மரணத்தைப் பதிவது இறந்த இடத்தில், சொந்த ஊரில் அல்ல. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கண்மூடிய உவர்மலைக்காரரைத் திருகோணமலைக் கச்சேரியில் தேடிப் பயனில்லை. 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சுக்குப் பிறகு ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பதிவில் வயது, தொழில், பெற்றோர் பெயர், இறந்த காரணம் இருக்கும். அடக்கமோ தகனமோ நடந்த இடமும் இருக்கும். தகவல் கொடுத்தவரின் பெயரையும் பாருங்கள். பல தடவை அவர்தான் படத்தில் தர்ப்பையோடு நிற்பவர்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயிலிலுள்ள அடக்கப் பதிவேடு இருக்கிறது. பழையவை லத்தீனில் எழுதியவை, பங்குத் தந்தையின் உதவி தேவைப்படும். சேமக்காலையில் மரச் சிலுவை நட்ட குழிகள்தான் கவலை. சில மாரிக்குள் சிலுவை உக்கிவிடும், பிறகு அதே இடத்தில் இன்னொருவரை அடக்குவார்கள். எழுத்துள்ள கல் எது மிஞ்சியிருக்கிறதோ அதை இப்போதே படமெடுத்து வையுங்கள். காலை வெயில் சரிவாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியிலுள்ள போர்வீரர் மயானத்துக்குப் போனால் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் கல்லில் துலக்கமாக இருக்கும். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அவற்றைத் தேடலாம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் 1852 இல் பர்மாவில் இறந்து நம் பட்டினத்துப் பழைய மயானத்தில் அடக்கமானார் என்பது உலகத்துக்கே தெரியும். நல்ல விடயம், அது அப்படித்தான் இருக்கவேண்டும். அதே காலத்தில் இதே மண்ணில் போன நம் மூதாதையரின் பெயரைத் தேடப் போனால் ஒரு வரிகூடக் கிடைக்காதது எனக்குத் தாங்கமுடியவில்லை.

ஆசிரியரே, உங்களால் இரண்டு உதவிகள் செய்யலாம். நம் மரண அறிவித்தல்களில் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் சகோதரர் என்று முழுக் கிளையும் வரும். உங்கள் பழைய இதழ்களின் அந்தப் பக்கங்களை வாசகர்கள் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். கல்வெட்டுப் புத்தகங்களை இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் மின்வடிவாக்கி வருகிறது, வைத்திருப்பவர்கள் அவர்களுக்குக் கொடுக்கலாம். அடுத்தது, வாரம் ஒரு பெயர் தெரியாத படத்துக்கு இடம் ஒதுக்குங்கள். அனுப்புபவர்கள் படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதவேண்டாம், மைபட்டால் முன்பக்கம் ஊறிவரும். மெல்லிய பென்சில் போதும்.

தொடக்கமாக எங்கள் வீட்டுச் செத்தவீட்டுப் படத்தின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். திருகோணமலைப் பெருந்தெருவில் எடுத்தது. இடது ஓரத்தில் தூணைப் பிடித்தபடி வெள்ளைச் சேலையில் நிற்கும் அம்மா யாரென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பக்கத்து மூத்தவர்கள் யாராவது அறிந்திருந்தால் உங்கள் முகவரிக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை