ஆபத்தை உணராதவர்கள் நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் மூன்றாம் பக்கத்தில் கொரோனாக் காலத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரை பரவாயில்லை. மேலே இருந்த படத்துக்குக் கீழே போட்ட மூன்று சொல்தான் ஒரு கிழமையாக என்னைத் தூங்கவிடவில்லை: 'ஆபத்தை உணராத முதியவர்கள்'.

படத்தில் இருப்பது எங்கள் தபால் கந்தோர் வாசல். சனம் முட்டிக்கொண்டு நிற்கிறது, பாதிப்பேருக்கு மாஸ்க் நாடியில் கிடக்கிறது. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதற்கான வரிசை என்று படம் பிடித்த தம்பி ஒரு வார்த்தை கேட்டாரா? முதியோர் கொடுப்பனவுக்கு நின்ற வரிசை ஐயா அது. அப்போது வழக்கமாக மாதம் 2000 ரூபாய். ஆளே வந்து கையெழுத்து வைக்க வேண்டும். நிழலுக்கென்று இருப்பது ஒரு துண்டுத் தகரம். வெயிலில் ஒரு மீற்றர் தள்ளி நின்று மயங்கி விழுவதா, தகரத்துக்குக் கீழே ஒட்டி நின்று கொரோனா வாங்குவதா என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தச் சனம் நின்றது. கணக்கு பிழையாக இருக்கலாம். கணக்கே பார்க்கவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். 1995 இல் போலியோ சொட்டுமருந்துக்காக இராணுவமும் புலிகளும் சண்டையை நிறுத்திய நாட்களில் குளிர்ப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையால் போனவள். மலேரியா நடுக்கத்தோடு வேலைக்குப் போன நாட்களும் உண்டு. 2009 யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் அம்மாள் வருத்தமும் செங்கமாரியும் (மஞ்சள் காமாலை) கூடாரத்துக்குக் கூடாரம் தாவியதைப் பார்த்திருக்கிறேன். தள்ளி இருங்கோ என்று அங்கே ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, தள்ளி இருக்க இடமும் இல்லை. கிருமி எப்படிப் பரவும் என்று எனக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், 2021 ஓகஸ்டில் நாட்டை முடக்கிய கிழமை, 68 வயதில், பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள நான் என் மச்சாளின் செத்தவீட்டுக்குப் போனேன். சுவிஸிலிருந்து மகன் மூன்று தரம் எடுத்தான், 'அம்மா போகாதேங்கோ' என்று. இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு முற்றத்து வேம்புக்குக் கீழே நின்றுவிட்டு வருவதாக அவனுக்குச் சொன்னேன். அரை மணித்தியாலம் அப்படித்தான் நின்றேன். பிறகு உள்ளே போய் அவளுடைய நெற்றியில் கை வைத்தேன்.

ஏனென்றால், 2009 மார்ச்சில் இரணைப்பாலையில் என் மனுசனைப் புதைத்தபோது அழவும் நேரம் இருக்கவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருக்க, இந்த மச்சாள்தான் தன் சீலைத் தலைப்பைக் கிழித்து அவருடைய முகத்தை மூடினாள். மற்றவர்கள் பங்கருக்குள் ஓடியபோது அவள் ஓடவில்லை. அன்று அவளும் ஆபத்தை உணரவில்லையாக்கும்.

பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். அங்கிருந்துதான் வந்திருக்கும். என்னிடமிருந்து பேத்திக்கும் தொற்றியது. அவளுக்கு லேசாகப் போய்விட்டது, ஆனால் அது என் பிழை. அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத மாட்டேன். திரும்ப அப்படி ஒரு நாள் வந்தால் போவேனா என்று கேட்டால், பேத்தியை வேறு வீட்டில் விட்டுவிட்டுப் போவேன்.

அந்தப் பேத்தி இப்போது கம்பஸில் படிக்கிறாள். அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லோரா கார்ஸ்டென்சன் என்ற உளவியல் பேராசிரியர் இருக்கிறாராம். முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று தெரிகிறபோது மனிதர்கள் மனதுக்கு நெருக்கமானவர்களையும் காரியங்களையும் முதலில் வைப்பார்கள் என்பது அவர் சொன்னதாம். கொரோனா தொடங்கிய மாதங்களில் ஆராய்ந்தபோதும், ஆபத்து கூடிய வயதுக்காரர்தான் இளையவர்களைவிட மனம் குழம்பாமல் இருந்தார்களாம். இதை எங்கள் கிழவிகள் ஸ்டான்ஃபோர்ட் போகாமலே சொல்வார்கள். உங்கள் கட்டுரையாளருக்கு இரண்டு பக்கமும் அகப்படவில்லை.

வயதானவர்கள் காய்ச்சலை மறைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மறைத்தார்கள்தான். கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துவிட்டு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் நல்ல சுகம் என்றார்கள். அப்போது கொவிட் தடுப்புச் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. எங்கள் மாவட்டத்தில் தனிமைப்படுத்தும் நிலையம் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில். 2009 மேயில் யுத்தம் முடிந்தபோது வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடுகிற தாயிடம், 'பேரைப் பதியுங்கோ, தனியாக பஸ்ஸில் ஏறுங்கோ, பதினாலு நாளில் விடுவோம்' என்றால் அவள் ஏறுவாளா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராடி இருந்த அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். கொரோனா வந்தும் அவர்கள் போராட்டத்தைக் கைவிடவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுக்கும் இதே மூன்று சொல்லைப் போடுவீர்களா?

கொரோனாத் தடுப்பூசிக் கதையைச் சொன்னால் கடிதம் நீளும். 2021 பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் 30 வயதுக்காரருக்கு ஊசி ஏறியது. இங்கே எழுபது வயதுக்காரருக்கு எப்போது என்று கேட்டு அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். இடம் போதாமல் பிரசுரிக்கவில்லையாக்கும். அதே கிழமை நடிகையின் கல்யாணத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

சரி, நடந்தது நடந்தது. ஒரு சின்ன வேண்டுகோள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். வயது போனவர்களுக்கு அந்த வருத்தக் காலத்தில் கிடைத்த ஒரே நன்மை அது. இப்போது பிரஷர் குளிசை எடுக்க விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்து, இருமுகிற சனத்துக்கு நடுவில் மத்தியானம் வரை இருக்கிறேன். இந்த ஆபத்தை நான் நன்றாகவே உணர்கிறேன். 70 தாண்டியவர்களுக்காவது அந்த ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நாலு வரி எழுதுவீர்களா? படம் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிஸி,
புதுக்குடியிருப்பு.

பி.கு.: படத்தில் பச்சைக் குடையோடு நிற்பவர் எங்கள் ஒழுங்கைக்காரி. அவருக்குக் கண் மங்கல், உங்கள் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுவது. அந்த ஞாயிறு இரண்டாம் பக்கம் முடிந்ததும் நேராக நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டேன்.