நீலகிரியில் சுற்றுலா வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஸ்டாண்டுகளில் வண்டி போட்டிருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இதைக் கலெக்டருக்கு எழுதியிருக்கலாம், சுற்றுலாத் துறைக்கும் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த மாவட்டத்தின் கதையை வெளியூர்க்காரர்களிடம் சொல்வது அவர்கள் இல்லை, நீங்கள். மேட்டுப்பாளையத்தில் உங்கள் வண்டியில் ஏறுகிற குடும்பம் திரும்ப அங்கேயே இறங்கும்போது, நீலகிரி பற்றி அவர்கள் மனதில் இருப்பதில் முக்கால்வாசி நீங்கள் சொன்னதுதான். பலகையை யார் நின்று படிக்கிறார்கள்? அதனால் உங்களிடமே கேட்கிறேன். சொல்கிற கதையைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது எனக்கும் மனப்பாடம். கோத்தகிரியில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரேதான் ஒரு ஸ்டாண்டு. "1819-ல சல்லிவன் துரை வந்து இந்த மலையைக் கண்டுபிடிச்சார். அதுக்கு முன்னாடி வெறும் காடு சார்." அப்புறம் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா, டீ பேக்டரி, சாக்லேட், எந்தப் படத்தின் எந்தப் பாட்டை எந்த மேட்டில் எடுத்தார்கள் என்ற விவரம். அவ்வளவுதான், மாவட்டம் முடிந்தது.

அப்போது கோவைக் கலெக்டராக இருந்த அந்தச் சல்லிவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மனைவியையும் மகளையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய மனிதர். இந்த நிலத்தின் உரிமை எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்களுக்குத்தான் என்று கிழக்கிந்தியக் கம்பெனி மேலிடத்தோடு வாதாடியவர். அதே சல்லிவன் ஊட்டியில் நிலம் வாங்கியதும் தோடர்களிடம்தான், ஏக்கர் ஒரு ரூபாய் என்று. வாங்கினார் என்றால் விற்க ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு முன், 1819 ஜனவரியில் சிறுமுகைப் பக்கமிருந்து மலையேறியவர் வந்து சேர்ந்தது கோத்தகிரிக்குப் பக்கத்துத் திம்பட்டிக்கு. அது மலையில் விவசாயம் செய்யும் படகர்களின் ஊர். வெறும் காட்டில் ஊர் எப்படி வந்தது?

வருடக் கணக்கு சொன்னால்தான் பார்ட்டி நம்பும் என்றால் இதைச் சொல்லுங்கள். 1117-ல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன், தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாகப் பெருமையடித்த கல்வெட்டு சாமராஜநகரில் இருக்கிறது. கூடலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். 1603-ல் ஃபினிசியோ என்ற பாதிரியார் கேரளப் பக்கமிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய் எழுதி வைத்தார். இன்னும் பின்னால் போகலாம். மலை உச்சிகளில் கல்வட்டங்கள் பார்த்திருப்பீர்கள். அவை பழைய ஈமச் சின்னங்கள். 1868-ல் கோவையிலிருந்து நீலகிரியைத் தனியாகப் பிரித்தபோது முதல் கமிஷனராக வந்த பிரீக்ஸ் அவற்றைத் தோண்டி எடுத்த பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூடியின் மேல் எருமை நிற்கும் மண் ஜாடிகள். எருமை அப்போதே இந்த மலையில் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருப்பது ஆறு சமூகங்களை: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். இவர்களோடு படகர்களையும் சேர்த்து இங்கே ஓடிய கொடுக்கல் வாங்கலைச் சொன்னால் எந்தப் பார்ட்டியும் போனைக் கீழே வைக்கும். தோடர் வீட்டு நெய், படகர் வயல் தானியம், குறும்பர் கொண்டுவரும் தேன். கோத்தர்தான் கொல்லர், தச்சர். பானை வனைவது அவர்கள் வீட்டுப் பெண்கள். தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் மேளம் வரவேண்டும். பல தலைமுறை ஓடிய இந்த ஏற்பாடு 1930-களில் குலைந்துபோனது. ரொம்ப அழகாக்கியும் சொல்ல வேண்டாம். சூனியம் வைத்தார்கள் என்று பழிபோட்டுக் குறும்பர்களைக் குடும்பத்தோடு கொன்றது 19-ஆம் நூற்றாண்டில் இதே மலையில்தான். (படகர் எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற பேச்சை மட்டும் வண்டியில் எடுக்காதீர்கள். ஊட்டி போய்ச் சேரும்வரை முடியாது.)

அடுத்தது மந்து, அதாவது தோடர் குடியிருப்பு. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்துக்குக் கூட்டிப் போகிறீர்கள், நல்லதுதான். ஆனால் "ட்ரைபல் வில்லேஜ், பத்து நிமிஷம்" என்று இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? அரைவட்டக் குடிசையின் குட்டி வாசலில் தலையை விட்டுப் பார்ப்பார்கள், கோயில் சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்று செல்பி எடுப்பார்கள். அது ஒரு சமூகத்தின் கோயில். உங்கள் குலதெய்வக் கோயில் மதில் மேல் ஒருவன் செருப்போடு ஏறினால் சும்மா இருப்பீர்களா?

பத்து நிமிஷத்தில் பார்க்க வேண்டியது வேறு. வெயிலில் உட்கார்ந்து பூத்துக்குளி என்ற தோடர் போர்வையில் பூவேலை தைக்கும் பெண்களின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் பென்சில் கோடு கிடையாது, மாதிரிப் படம் கிடையாது, துணியை இழுத்துக் கட்டும் சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இத்தனை விட்டு இத்தனை எடு என்று ஊசி போகும். சிவப்பு நூல், கறுப்பு நூல். முடித்த பிறகு பார்த்தால் தறியில் நெய்தது மாதிரியே இருக்கும், தைத்தது என்று சொன்னால்தான் தெரியும். அந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவீதியில் மெஷினில் அடித்து அதே டிசைனில் தொங்குவது அது இல்லை. கமிஷன் வருகிறதே என்று அந்தக் கடையில் நிறுத்துபவர்களுக்கு நான் என்ன சொல்வது? வீட்டுச் செலவு எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் ஒரிஜினல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சில இடங்களைச் சொல்லுங்கள், கூட்டிப் போகாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் அந்த ரகம். எத்தனையோ நூற்றாண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய ஓவியங்களின் மேல் பெயர் கிறுக்கிக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சூட்டிங் மேட்டில் நிறுத்தும்போதும் ஒரு வார்த்தை: இந்தப் புல்வெளி படப்பிடிப்புக்காக வந்தது இல்லை. தோடர் எருமை மேய்ந்த நிலம். புல்லும் மடிப்புகளில் சோலையுமாக இருந்த மலை மேல்தான் வாட்டில் என்கிற சீகையும் கற்பூரமரமும் பைனும் நட்டார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது என்று பைன் காட்டில் எல்லோரும் வரிசை கட்டுகிறார்கள், நிற்கட்டும். அது வெளியூர் மரம் என்பதாவது தெரியட்டும்.

ஜனவரியில் படகர்களின் ஹெத்தை ஹப்பா பண்டிகைக்கு ரோடு நிறைய வெள்ளை உடுப்பில் ஜனம் போகும்போது, "ஏதோ லோக்கல் பங்ஷன், டிராபிக் சார்" என்று ஹாரன் அடிக்கிற தம்பிகளும் உண்டு. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிற பண்டிகை அது. ஹெத்தை கோயில் இருக்கும் பேரகணிக்கு ஊர் ஊராகக் கிளம்பி வருவார்கள். வழிவிட்டு, கண்ணாடியை இறக்கி, அது ஒரு பாட்டியைத் தெய்வமாகக் கும்பிடும் விழா என்று சொன்னால் போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போன சீசனில் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு நானும் ஒரு வாடகை வண்டியில் போனேன். ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். சல்லிவன், மலை ரயில், 1908-ல் ரயில் ஊட்டி வந்தது, 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் பிசகாமல் சொன்னார். டீ எஸ்டேட் ஓரமாக வண்டி நின்றபோது, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். சேரம்பாடிப் பக்கம் என்றார். பாட்டி கண்டியிலிருந்து வந்தவராம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அங்கிருந்து இந்தக் குளிருக்கு அனுப்பப்பட்டவர். கொண்டு வந்த பித்தளைக் குடம் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "அதெல்லாம் யாருக்கு சார் வேணும்?" என்று சிரித்தார்.

எனக்கு வேணும். பின் சீட்டில் இருந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது. அன்று முழுக்க அந்தப் பாட்டியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான இலங்கை மலையகத் தமிழர்களை ஆளைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழ்நாடு அரசு இங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று எத்தனை சரிவுகள் அவர்கள் கைபட்டுப் பச்சையானவை! ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய் என்றால் எங்கே போவது என்ற கேள்வி அந்தக் குடும்பங்களில் இன்றைக்கும் இருக்கிறது. நம் ஸ்டாண்டுகளில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மற்றவர்களில் பலர் படகர் வீட்டுப் பையன்கள், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்த அப்பாக்களின் பிள்ளைகள். டீ பேக்டரிக்குள் இலை எப்படித் தூளாகிறது என்று காட்டுகிறோம், கிலோவுக்குத் தோட்டக்காரன் கையில் என்ன நிற்கிறது என்று சொல்வதில்லை. சல்லிவனுக்குச் சிலை இருக்கிறது. அவர் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். உங்கள் பாட்டி கதைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

பார்ட்டிக்கு போர் அடிக்கும், டைம் இல்லை, ஒரே நாளில் பத்து ஸ்பாட் காட்ட வேண்டும் என்பீர்கள். இ-பாஸ் எடுத்து, பர்லியாறு செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கக் கொடுத்து, கொண்டை ஊசி வளைவில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு வண்டிக்குள் நேரம்தான் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் சொல்லுங்கள்.

மேலே எழுதியவற்றில் வருடங்கள், ஊர்ப் பெயர்கள், மந்தில் செய்யக்கூடாதவை ஆகியவற்றை ஒரே தாளில் இரண்டு பக்கமாக டைப் செய்து வைத்திருக்கிறேன். சன் வைசரில் செருகுகிற அளவு. ஸ்டாண்டு சங்கங்கள் சரி என்றால் எல்லா வண்டிக்கும் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். கோத்தர், குறும்பர், பணியர் பற்றி என் தாளில் இருப்பது குறைவு. அந்த ஊர்களிலிருந்து வண்டி ஓட்டுகிறவர்கள் கடைப்பக்கம் வந்தால் உட்கார்ந்து எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
கோத்தகிரி ஜெராக்ஸ் கடைக்காரன்