மார்பக சுயபரிசோதனையில் செவிலியர்களுக்குச் செயல்முறைப் பயிற்சி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு மருத்துவமனைச் செவிலியர்கள்

பெறுநர்:
சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: மார்பக சுயபரிசோதனை – செவிலியர்களுக்கான நேரடிப் பயிற்சியும் ஆண்டுப் பரிசோதனையும் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இந்நோயால் உயிரிழந்தனர். மார்பில் கட்டி தென்படுவதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படும் பெண்கள், பெரும்பாலும் முதலில் எங்களிடமே தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள் என்பதால், செவிலியரின் அறிவும் கைப்பழக்கமும் இந்நோயில் தனி முக்கியத்துவம் பெறுகின்றன.

சுயபரிசோதனையைப் பற்றிக் கேட்டால் எங்களில் பெரும்பாலோர் சரியாகவே விடை சொல்வோம். மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 10 நாட்களுக்குள் செய்ய வேண்டும், மாதவிடாய் நின்றவர்கள் மாதந்தோறும் ஒரே தேதியில் செய்ய வேண்டும், நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் மெல்லவும் நடுத்தரமாகவும் அழுத்தியும் காறை எலும்பு முதல் அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பாடமாகப் படித்தவையே. ஆயினும் தம் உடலில் இதை முறையாகச் செய்துவருபவர்கள் சிலரே. விரலுக்குத் தட்டுப்படுவது இயல்பான சுரப்பித் திசுவா, கட்டியா என்று பிரித்தறியும் பழக்கம் எங்களுக்குத் தரப்படவில்லை. எதையேனும் கண்டுவிடுவோமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. விளக்கப்படமும் சொற்பொழிவும் இந்தக் குறையைத் தீர்க்கா.

சுயபரிசோதனையின் எல்லையையும் நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஷாங்காய் நகர நெசவாலைப் பெண்கள் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், சுயபரிசோதனைப் பயிற்சியால் இறப்பு குறையவில்லை. புற்றுநோயல்லாத கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகளே அதிகரித்தன. எனவே பயிற்சியில் இவ்வுண்மையும் இடம்பெற வேண்டும். தன் மார்பின் இயல்பை அறிந்த பெண், தோல் குழிவதையோ, காம்பு உள்ளிழுக்கப்படுவதையோ, இரத்தக் கசிவையோ கண்டவுடன் தாமதமின்றி மருத்துவரிடம் செல்வாள் என்பதே இதன் பயன். மருத்துவர் செய்யும் பரிசோதனைக்கும், மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராமுக்கும் இது மாற்றாகாது.

ஆகவே, சிலிக்கான் மார்பக மாதிரிகளைக் கொண்டு, சிறு குழுக்களாக, பணி நேரத்திலேயே, பெண் பயிற்றுநர் ஒருவரால் இப்பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்றும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வருவதால் ஆண் செவிலியர்களையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இரவுப் பணியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மீண்டும் 2019-இலும் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகக்கூடியது என வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கான சான்றுகள் காட்டும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயும் ஒன்று. ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும், உரிய வயதினருக்கு மேமோகிராமும், அதற்கென விடுப்பு எடுக்க வேண்டிய நிலையின்றி அமைய வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது வேண்டுகோள்.

கட்டியுடன் வருபவரை எந்தப் பிரிவுக்கு, யாரிடம், எந்த நாளில் அனுப்புவது என்ற தெளிவான வழிமுறையையும் எழுத்தில் தர வேண்டுகிறோம். முதலில் நோயாளி வந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இலக்கை, இந்த வழிமுறை இல்லாமல் எட்ட இயலாது.

இவற்றைப் பரிசீலித்து, முதற்கட்டமாக மகளிர் நலப் பிரிவுகளில் பணிபுரிவோருக்கேனும் பயிற்சியைத் தொடங்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்கள்