நீலக் குடத்தில் பச்சை ஒட்டு

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி அப்பா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீன் குழம்பு வேண்டாம், ரசம் போதும் என்றார். மூன்று நாள் எங்களோடு சேர்ந்து கண்விழித்தவர்களுக்கு முதலில் இந்தச் சேதியைச் சொல்லிவிட வேண்டும். கடலுக்குப் போன அப்பா மூன்று நாள் கரை திரும்பாமல் கிடந்தது இந்தக் கரையில் தெரியாத ஆள் இல்லை. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பும் இல்லை.

சொந்தத் தொழிலை விட்டுவிட்டு, கச்சான் காற்று அடங்காத கடலில் வத்தைப் படகை இறக்கித் தேடிய பெரியபட்டினம், களிமண்குண்டு அண்ணன்மார், பள்ளிவாசல் மைக்கில் விடியக்காலையும் அந்தியிலும் சேதி சொன்ன அஜ்ரத், மாதா கோயிலில் மூன்று ராவும் மெழுகுவர்த்தி அணையாமல் பார்த்துக்கொண்ட அக்காமார், கடலோரக் காவல்காரர்கள், டீசலுக்குக் காசு பிரித்த இளவட்டங்கள், துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மணிக்கொரு தரம் போன் போட்டவர்கள். தனித்தனியாக எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள், பிறகு கல்யாண வீட்டில் அதற்கு ஒரு சண்டை வரும். எல்லாருக்கும் ஒரே கும்பிடு.

ஆனால் ஒருத்தரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஆறு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அது வேறு யாருமில்லை, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி வீடு. ஓலைவேலி ஒரு முழம் நகர்ந்ததில் வந்த வினை. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இங்கே எழுதினால் ஏழாவது வருசமும் பேச்சு இருக்காது, விடுங்கள். முப்பத்தெட்டு வீட்டு ஊரில் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரே குழாய், ஒரே கடை, ஒரே மினிபஸ். அம்மாவும் சின்னம்மாவும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ராமநாதபுரம் வரை போன கதையெல்லாம் உண்டு.

நான் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த ராத்திரி திண்ணையில்தான் கிடந்தேன். தூக்கம் ஏது. மூன்று மணிவாக்கில் பார்க்கிறேன், வாசலில் இருந்த எங்கள் குடம் இரண்டையும் காணோம். எனக்கு முதலில் வந்த நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன்: எதிர்வீட்டு வேலைதான், இந்த நேரத்தில்கூட இப்படியா என்று நினைத்தேன்.

நாலரைக்குத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு குடம் உட்காரும் கம்பி வண்டி. அதில் நாலு சின்னம்மாவுடையது, இரண்டு எங்களுடையது. காவிரித் தண்ணீர் குழாயில் வராத நாளில் கரையோரத்து ஊற்றுதான் கதி. குழியில் இறங்கிக் குந்தி, கசிந்து வருகிற தண்ணீரைக் கலங்காமல் சிரட்டையால் வழித்து வழித்து ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். சின்னம்மா பகலெல்லாம் தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போகிற ஆள். விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தது. எங்கள் குடங்களை வாசலில் இறக்கி வைத்தது; என்னைப் பார்த்தது; ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் நீலக் குடத்தின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. அம்மா சோப்பை வைத்து அடைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் குடம் திரும்பி வந்தபோது சோப்பைக் காணோம். அந்த இடத்தில் பழைய வலைத்துண்டை உருக்கி ஊற்றி, சூட்டுக்கம்பியால் தேய்த்துவிட்டிருந்தது. நீலக் குடத்தில் பச்சையாக ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒட்டு. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தது. அந்த இரண்டு நாளில் அம்மா அழுததை நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் குடத்தை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்தபடி சின்னம்மா சொன்னது: “அக்கா, குடத்தை உள்ள எடுங்க. நாய் வாய வச்சிறும்.”

ஆறு வருசத்தில் முதல் பேச்சு அது.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 13,53,445 பேர். அதில் நாங்களும் எங்கேயோ இருக்கிறோம், ஆனால் எங்கள் ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. கணக்கு வருவாய்க் கிராமத்தின் பெயரில் போய்விடும். 2021-இல் எடுக்க வேண்டியதும் தள்ளிப்போனது. 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து எங்கள் அப்பத்தா வந்தபோது இங்கே ஏழு குடிசை என்று சொல்லும். அதற்கப்புறம் ஊர் எப்படிப் பெருத்தது, இப்போது எப்படி இளைக்கிறது என்பதெல்லாம் கோயில் கொடைக்கு எழுதும் தலைக்கட்டு வரி நோட்டில்தான் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கும் அதில் பெயர் உண்டு. என் வயசுப் பையன்களில் பாதிப்பேர் திருப்பூர், சென்னை, அரபு நாடு என்று போய்விட்டோம். ‘ஊரில் யார் இருக்கிறார்கள்’ என்று நாங்களே சலித்துக்கொள்வோம். அன்றைக்கு ராத்திரி டீசல் காசுக்கு அந்த நோட்டைப் பிரித்துப் பெயர் வாசித்தபோது, சித்தப்பா தன் பங்கோடு எங்கள் வீட்டுப் பங்கையும் வைத்தாராம். இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆகிறவரை வரி கிடையாது என்று இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். வருகிற கொடைக்கு என் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன். ஊருக்கு வருகிற நாளெல்லாம் ஊற்றுக்கு வண்டி தள்ளுவது என் வேலை, இரண்டு வீட்டுக்கும். வேலியைப் பற்றி அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை. உடம்பு தேறட்டும்.

சின்னம்மா வண்டியின் இடது சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடக்கிறது. ராமநாதபுரத்தில் புதுச் சக்கரம் வாங்கிவந்து திண்ணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேரில் கொடுத்தால் வாங்காது. இன்றைக்கு ராத்திரி அது தூங்கின பிறகுதான் போய் மாட்ட வேண்டும்.