டர்போவைக் கழற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுபவர்கள், வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனதும் ‘டர்போ போய்விட்டது’ என்ற ஒரே பதிலைக் கேட்டுப் பெருந்தொகையை இழப்பதை, டீசல் கார்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் அடிக்கடி காண்கிறேன். ஏமாற்றும் எண்ணத்தைவிட அவசரமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் பி0299 என்ற குறியீடு, எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் குறைந்தது என்பதை மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்பை ஒட்டி மறைவாக ஒரு கீறல் விழுந்திருந்தாலும் இதே குறியீடு வரும், கறுப்புப் புகை தள்ளும், மேடு ஏறும்போது ‘புஸ்’ஸென்று காற்று போகும் சத்தமும் கேட்கும். எஞ்சினை அணைத்து, சூடு ஆறியபின் ஹோஸைக் கையால் வளைத்தால்தான் அந்தக் கீறல் வாய் திறக்கும். வெளிப்புறத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும் இடத்தில் முதலில் தேட வேண்டும். குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதோ இயல்புதான், அதைக் காட்டி யாரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை.

பல டீசல் கார்களில் உள்ள ஒரே 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினிலும் 75 குதிரைத்திறன் வகைக்குச் சாதாரண டர்போவும், 90 குதிரைத்திறன் வகைக்கு உள்ளே தகடுகள் அசையும் விஜிடி டர்போவும் உண்டு. வாக்யூமில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில், இயங்கும் விஜிடி டர்போவாக இருந்தால், கைப்பம்பைத் தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டி வாக்யூம் கொடுத்து, அதன் கம்பி தடையின்றி நகர்ந்து அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். கம்பி நன்றாக நகர்ந்தால் வாக்யூம் குழாயையும் அந்த வாக்யூமைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வையும் சோதிக்க வேண்டும். சிக்கி நின்றால் தகடுகளில் கரி படிந்திருக்கலாம்.

உண்மையிலேயே டர்போ கெட்டுப்போவதும் உண்டு. நீலப்புகையோடு ஆயில் குறைந்துகொண்டே வந்தாலோ, காற்றுக்குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது டர்போவின் இறக்கைகள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. கசியும் ஆயிலையே எரித்துக்கொண்டு எஞ்சின் கட்டுப்பாடின்றிச் சீறினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். டர்போவின் இறக்கைகளைச் சுமக்கும் தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடுவது மட்டும் பழுதாகாது. முன்னும் பின்னும் ஆடினால்தான் கவலைப்பட வேண்டும்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டை ஆயில் படலம்தான் தாங்குகிறது. எனவே ஆயில் வரும் குழாய் அடைத்திருப்பதைக் கவனிக்காமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். திரும்பிச் செல்லும் குழாய் அடைத்திருந்தால், நல்ல டர்போவிலும் ஆயில் கசியும்.

பட்டறை நடத்தும் நண்பர்கள், டர்போவைக் கழற்றும் முன் இந்தச் சோதனைகளை உரிமையாளரின் கண்ணெதிரே செய்துகாட்ட வேண்டும் என்றும், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய டர்போ எதனால் கெட்டது என்பதை ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்.