வண்ணம் தரையில் இருக்கட்டும்: ஆயா வீட்டைக் கட்டும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

பிளாக் என்னும் கனசதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் நீ எழுப்பிக்கொண்டிருக்கும், உன் அம்மாவைப் பெற்ற ஆயாவின் செட்டிநாட்டு வீட்டின் படங்கள் ஆறும் வந்து சேர்ந்தன. முகப்பில் நின்றால் நிலைவாசல், வளவு (நடுவே வானம் திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்கதவு வரை பார்வை ஒரே நேர்கோட்டில் ஓடும்படி வாசல்களை வரிசைப்படுத்தியிருக்கிறாய். சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது நீ முகப்புப் படியில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது உன் மனத்தில் பதிந்தது அப்படியே வந்திருக்கிறது என்று உன் ஆத்தாளிடமும் சொன்னேன். "அளவெல்லாம் சரியாக இருக்கிறது அம்மான், ஆனாலும் வீடு அழகாக இல்லையே, எந்த பிளாக்கை மாற்ற வேண்டும்?" என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னைப் போல் தம் ஊர் வீட்டைத் திரையில் எழுப்பிப் பார்க்கும் பிள்ளைகள் வேறு சிலருக்கும் உதவலாம் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நேற்று மாலை சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் மூன்றாவது படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, நீ படம் எடுத்த அதே இடத்தில், வளவின் தென்மேற்கு மூலையில் நின்றேன். உன் வீட்டில் நான்கு சுவர்களும் மஞ்சள் நிற கிளேஸ்டு டெரகோட்டா, அதாவது கோலம் பதிந்த மெருகேற்றிய சுடுமண்; தரை முழுவதும் ஸ்மூத் ஸ்டோன் என்னும் வழவழப்பான சாம்பல் நிறக் கல். இங்கேயோ சுவர் முழுவதும் வெள்ளை. வண்ணமெல்லாம் காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்லிலும், தலைக்கு மேலே பலகையிலும், வாசலுக்கு மேலே உள்ள கண்ணாடியிலும் இருக்கிறது. நீ தேர்ந்த பிளாக்குகளில் தவறானது என்று ஒன்றைக்கூட நான் சொல்லமாட்டேன். அவற்றுள் சில இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோலம் உள்ள பிளாக் எதுவானாலும், அதன் முகம் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளில் வரைந்த ஒரே சிறு படம்தான். பத்து பிளாக் நீளமும் ஐந்து பிளாக் உயரமும் உள்ள சுவரில் அதே படம் ஐம்பது முறை வரும். தரையில் அப்படி வரும்போது கண் அதைப் பாய் விரித்தாற்போல ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் தரையை நாம் சாய்வாகப் பார்க்கிறோம், தொலைவில் உள்ள கல் சிறுத்துத் தெரிகிறது. சுவரை நேருக்கு நேர் பார்க்கிறோம். அங்கே ஐம்பது பூக்களும் ஒரே அளவில் நின்று கண்ணைக் குத்துகின்றன, அவற்றுக்கு முன்னால் நிற்கும் தூணும் நிலையும் காணாமல் போய்விடுகின்றன. நம் முன்னோர் ரங்கூனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாங்கிவந்த பொருளுக்குக் குறைவில்லை: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வளவுக்குள் நிறைந்து கிடக்கிறது. அத்தனையையும் தாங்கி நிற்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்த வெண்சாந்துச் சுவர்தான். அது வெறுமையாக இருப்பதால்தான் தேக்கு தேக்காகத் தெரிகிறது.

ஆகவே சுவருக்கு வெள்ளை என்று முடிவு செய்துகொள். எந்த வெள்ளை என்பதில்தான் நிதானம் வேண்டும். வெள்ளை டெரகோட்டா பெயரளவில்தான் வெள்ளை. உண்மையில் அது சுடுமண்ணின் செம்மை கலந்த சந்தன நிறம், அதைப் பக்கத்தில் வைத்தால் மற்ற வெள்ளைகள் நோய்வாய்ப்பட்டவை போலத் தோன்றும். வெள்ளை கான்கிரீட் மிக வழவழப்பானது, ஆனால் அதில் நீலச் சாயலோடு கூடிய ஒரு சாம்பல் நிறம் ஒளிந்திருக்கிறது. அது நகரத்து அடுக்குமாடிக்குப் பொருந்தும். நம் சுவருக்கு நெருக்கமாக வருபவை இரண்டு. ஒன்று, குவார்ட்ஸ் பிளாக்கை உலையில் சுட்டுப் பெறும் ஸ்மூத் குவார்ட்ஸ். பாலில் ஒரு சொட்டு நெய் விட்டது போன்ற வெள்ளை. மற்றொன்று 2021ஆம் ஆண்டின் 1.17 பதிப்பில் வந்த கால்சைட். அதில் மெல்லிய கீறல்கள் இருப்பதால் பழைய சுண்ணாம்புச் சுவரின் தோற்றம் கிடைக்கும். நீ பொருள்களை நீயே தேடிச் சேர்க்கவேண்டிய சர்வைவல் முறையில் ஆடுகிறாய், குவார்ட்ஸுக்கு நெதர் என்னும் நெருப்பு உலகம் வரை போய்வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் குவார்ட்ஸை முகப்புக்கும் வளவைப் பார்த்த சுவர்களுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அமெதிஸ்ட் ஜியோடு என்னும் நிலத்தடிப் படிகப் பொந்துகளின் ஓட்டில் கிடைக்கும் கால்சைட்டைப் பக்கச் சுவர்களுக்குக் கொடு.

முகப்பு என்றதும் இதையும் சொல்லவேண்டும். நம் வீடு கிழக்கு பார்த்தது, நீயும் அப்படியே கட்டியிருக்கிறாய். ஆனால் அந்த விளையாட்டில் சூரியன் எங்கே இருந்தாலும், கிழக்கு மேற்கு முகங்கள் வடக்கு தெற்கு முகங்களைவிட ஒரு படி மங்கலாகவே வரையப்படுகின்றன. ஒரே பிளாக்கை நான்கு பக்கமும் வைத்துப் பார், மூலையில் அந்த வேறுபாடு கத்தியால் கீறியதுபோல் தெரியும். கிழக்கு முகப்புக்குக் கொஞ்சம் மங்கலான வெள்ளையைக் கொடுத்தால் வீடு அழுக்கேறித் தோன்றும்; குவார்ட்ஸை அங்கே வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

இனித் தரைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நேற்று வளவுத் தாழ்வாரத்தில் ஒரு முழ அகலத்துக்கு ஈரத்துணியால் துடைத்தேன். தூசி போனதும் முதலில் சிவப்பு எழுந்தது, பிறகு கரும்பச்சை, கடைசியில் நடுவே இருந்த வெள்ளை. ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் மூலையில் கால் பங்கு பூதான் இருக்கிறது. நான்கு கல் கூடும் இடத்தில்தான் பூ முழுமையாகிறது. ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த வழி மெருகேறிப் பளபளக்கிறது, தூண் ஓரத்தில் யாரும் மிதிக்காத கல் மங்கிக் கிடக்கிறது. ஆத்தங்குடியில் இந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். தகரத்தில் செய்த கோல அச்சை அதன்மேல் வைத்து, அறை அறையாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்த பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் முதுகில் ஈரக் கலவையை இட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கல் நெருப்பையே பார்ப்பதில்லை.

உன் கிளேஸ்டு டெரகோட்டாவோ இரண்டு முறை நெருப்பைப் பார்க்கிறது. களிமண் பிளாக்கைச் சுட்டு டெரகோட்டா ஆக்கி, எட்டு டெரகோட்டாவுக்கு ஒரு சாயம் என்ற கணக்கில் நிறமேற்றி, மறுபடியும் சுடவேண்டும். எட்டுக்கு எட்டு என்ற அளவில் ஒரு தரை வேண்டுமானால் 64 கல். அதற்கு 256 களிமண் உருண்டை, 8 சாயம், இரண்டு சூட்டுக்கும் சேர்த்து 16 நிலக்கரி வேண்டும். ஒரே உலை என்றால் 21 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைச் சுவரில் ஒட்டி வீணாக்கியிருக்கிறாயே என்பதுதான் எனக்கு வருத்தம். மஞ்சளைக் கழற்றி எடு, ஒரு கல் கூட வீணாகாது. கல்லை வைக்கும்போது நீ எந்தத் திசை பார்த்து நிற்கிறாயோ அதற்கேற்பக் கோலம் திரும்பும்; ஆகவே நான்கு கல்லை ஒரு கட்டாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுத் திரும்பி நின்று வை, பூ கூடிவிடும். நம் வளவில் இருப்பது போலவே கோலத்தை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஒரு வரிசை நிறமேற்றாத டெரகோட்டாவைக் கரையாகக் கொடுத்தால்தான் தரை அடங்கி நிற்கும். பல நிறக் கிளேஸ்டு டெரகோட்டாவை ஒரே கூடத்தில் கலக்காதே. ஒரு கூடத்துக்கு ஒன்று போதும். மெஜந்தா நிறத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதில் இருப்பது அம்புக்குறி.

பட்டாலைக் கூடத்துக்கு நீ கேட்ட கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரைக்குப் பாலிஷ்டு டயோரைட்டும் பாலிஷ்டு பிளாக்ஸ்டோனும் மாறி மாறிப் போதும். பாலிஷ் செய்த டயோரைட், ஆண்டிசைட், கிரானைட் ஆகியவற்றின் ஓரத்தில் ஒரு கோடு ஓடுவதைக் கவனித்திருப்பாய். தரையில் அது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இணைப்பாகத் தெரியும். சுவரில் வைத்தால் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஆகிவிடும்.

மரத்துக்கு வருவோம். உன் கூரை டார்க் ஓக், தூண்கள் பட்டை உரிக்காத ஸ்புரூஸ். உன் படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பார்த்தேன். தூணும் கூரையும் ஒரே இருட்டாக ஒட்டிக்கொண்டன, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நிறங்கள் சேருமா என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடு. வெளிறிய சுவர், நடுத்தரமான கூரை, கருத்த மரம் என்று மூன்று அளவுகளும் பிரிந்து நின்றால், நிறத்தில் சிறு பிசகு இருந்தாலும் வீடு தாங்கிக்கொள்ளும். ஆகவே கருமையைத் தூணுக்கும் நிலைக்கும் கொடுத்துவிட்டுக் கூரையிலிருந்து அதை எடுத்துவிடு. கோடரியால் பட்டை உரித்த டார்க் ஓக் தண்டுதான் எண்ணெய் குடித்துக் கருத்த நம் தேக்குத் தூணுக்குப் பொருத்தமாக வரும். தூணின் தலையில் நான்கு பக்கமும் டார்க் ஓக் படிகளைத் தலைகீழாக வைத்தால் போதிகையும் வந்துவிடும். மேல்தளத்துக்கு ஸ்புரூஸ் பலகை போட்டு டார்க் ஓக் உத்தரம் ஓட்டு. இந்த இரண்டு மரங்களோடு நிறுத்திக்கொள். பிர்ச்சோ ஓக்கோ மூன்றாவதாக உள்ளே வந்தால் அதன் மஞ்சள் முன்னால் வந்து நிற்கும்.

கூரைக்கு நாட்டு ஓடு. டெரகோட்டாவில் படிகள் செய்ய முடியாது என்பதால் நீ டார்க் ஓக்குக்குப் போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். செங்கல் படிகளைப் பயன்படுத்து. தொலைவிலிருந்து பார்த்தால் அதன் சாந்துக் கோடுகள் ஓட்டு வரிசையாகவே தெரியும். வேலை மேசையில் ஆறு செங்கல் பிளாக்குக்கு நான்கு படிதான் கிடைக்கும், கல் அறுக்கும் கருவியான ஸ்டோன்கட்டரில் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். ஒரு பிளாக்குக்கு நான்கு சுட்ட செங்கல் செலவாகிறது என்பதால் அந்த வேறுபாடு சிறிதல்ல. பத்துக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல், கிரானைட் படியையும் மட் பிரிக் (மண் செங்கல்) படியையும் இடையே செருகு. மழையில் நனைந்து நனைந்து நிறம் மாறிய ஓடு அப்படித்தான் இருக்கும். கூரை தெருப்பக்கம் சரிவதோடு வளவுப்பக்கமும் சரிய வேண்டும், நம் வீட்டில் மழை முழுவதும் வளவில்தானே இறங்குகிறது.

வாசலுக்கு மேலே நீ வைத்த நீலக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் நன்றாக இருக்கின்றன. ஆனால் காலையில் நம் பட்டாலைத் தரையில் விழுந்து நகருமே அந்த நீல வெளிச்சம், அது விளையாட்டில் விழாது. அங்கே கண்ணாடி தன் வழியாகப் பார்ப்பதை மட்டும்தான் நிறம் மாற்றும், ஒளியை மாற்றாது. எனவே பின்னால் இருட்டறை இருக்கும் இடத்தில் அதை வைக்காமல், வானம் தெரியும் இடத்தில் வை.

திண்ணையைப் பாதி உயர ஸ்லாபில் போட்டிருப்பது மிகச் சரி. ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பதால் முழு பிளாக்கில் யாரும் கால் ஊன்றி உட்கார முடியாது.

இடத்தைப் பற்றி ஒன்று. நீ காட்டை ஒட்டிக் கட்டியிருக்கிறாய், அங்கே புல் மிகப் பச்சையாக இருக்கிறது. செங்கல் கூரைக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை கத்துகிறது. சவன்னா என்னும் வறண்ட புல்வெளிப் பகுதியில் புல் காய்ந்த மஞ்சள் கலந்து நம் சீமையின் கோடைப் பொட்டல் போலவே இருக்கும், அங்கே வெள்ளைச் சுவரும் சிவந்த ஓடும் தாமாகவே பொருந்தும். கட்டியதைப் பெயர்க்க மனமில்லை என்றால், வீட்டைச் சுற்றி நான்கைந்து பிளாக் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுக் கரடு மண்ணும் சரளையும் போடு.

முழு வீட்டையும் உடைத்துக்கொண்டு உட்காராதே. கொத்தனார் சாந்தைச் சுவரின் ஒரு மூலையில் பூசிப் பார்ப்பதுபோல, வளவில் இரண்டு தூணுக்கு நடுவே உள்ள ஓர் இடைவெளியை மட்டும், தரை, சுவர், தூண், கூரை எல்லாம் சேர்த்துக் கட்டி, உச்சி வெயிலிலும் அந்தியிலும் மழையிலும் பார். எனக்கும் அந்த மூன்று வேளைப் படங்களை அனுப்பு. தாழ்வாரக் கல்லின் கோலத்தை நேர் மேலிருந்து படமெடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிலையில் உள்ள கஜலட்சுமிக்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தோன்றவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
அம்மான்